பங்குக் கிணற்றின் நிறம்

கிழக்கே ஓயாமல் கரையை அரிக்கும் கடலும், மேற்கே நெல்வயல்களின் காலடியில் சோம்பிக் கிடக்கும் களப்பென்னும் உப்பங்கழியும் இருபுறமும் நெருக்க, நடுவே ஒடுங்கி நீண்ட மணற்பட்டையின்மேல், கல்முனை நகருக்கு வடக்கே, வீட்டோடு வீடும் மதிலோடு மதிலும் தோளுரசி நிற்பது மருதமுனை என்னும் ஊர். மாரி ஓய்ந்து, தரையடி நீர் கைக்கெட்டும் ஆழத்திற்கு ஏறி நிற்கும் தைத் திங்களின் பிற்பகல் அது. மாலைத் தொழுகைக்கான அழைப்பு ஒரு பள்ளிவாசலில் தொடங்கி மறு பள்ளிவாசலில் முடிவதற்குள், தறிகளின் ஓசை தெருத்தெருவாக அடங்கியது. சாயந்தோய்ந்த நூற்கற்றைகள் கொடிகளில் வரிசையாகத் தொங்க, உப்புக்காற்று உலர்ந்தவற்றை மட்டும் அசைத்து, ஈரமானவற்றை விட்டுச் சென்றது. இத்தனை அமைதியான பொழுதில், நூல்நயம் அறிந்த நண்பரே, ஒருவர் மட்டும் தம் வீட்டு மதிலில் ஏணி சாத்தி, அடுத்த வீட்டு முற்றத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் மீராமுகைதீன். நாற்பது ஆண்டுகளாக வீடு கட்டும் தொழிலில் கைபழுத்தவர். ஊரார் அவரை மேசன் என்றே அழைப்பர். சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குநூல் விட்டுப் பார்க்கும் வேலையை வாழ்நாளெல்லாம் செய்தவருக்கு, மாந்தரையும் அவ்வாறே நூல்விட்டுப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. மீன்காரன் தராசைத் தூக்கினால் தட்டின் அடியைத் தடவிப் பார்ப்பார். மருத்துவர் வெப்பமானியை நீட்டினால், முதலில் நலமுள்ள ஒருவர் வாயில் வைத்துக் காட்டுமாறு கேட்பார். அரசு குழாய்வழிக் குடிநீர் அனுப்பத் தொடங்கியபோது தெருவில் முப்பத்தேழு வீட்டார் இணைப்பு வாங்கிக்கொள்ள, இவர் மட்டும், அந்நீரில் மருந்து மணக்கிறதென்றும், உள்நோக்கமின்றி எவனும் பிறர் குடிக்கும் நீரில் மருந்து கலக்கமாட்டானென்றும் கூறி, வந்த ஆட்களை வாயிலிலேயே திருப்பியனுப்பிவிட்டார். அவரை முழுமூடர் என்று எண்ணிவிட வேண்டா. அவர் ஐயுற்ற பத்தில் மூன்று, அவர் ஐயுற்றபடியே பிழையுடையனவாக இருந்தன. அந்த மூன்றுதான் அவரைக் கெடுத்தன.

இனி அவர் வாழ்ந்த நிலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அவ்வூர்ப் பக்கத்தில் மணமகனே மணமகள் வீட்டுக்கு வாழவருவான். பெண்ணைப் பெற்றவர் அவளுக்கென்று ஒரு வீடு கட்டி வைத்த பின்னரே திருமணப் பேச்சு எழும். தாய்வழி வந்த நிலத்தை விட்டு மகள் நகர்வதில்லை. ஆகவே வீடுகள் பெருகுகின்றன, நிலம் பெருகுவதில்லை. மீராமுகைதீனின் மனைவி ஆயிஷா உம்மாவுக்குத் தாய் தந்த தென்னந்தோட்டம், மூத்தமகள் றுமைஸாவுக்கு ஒரு வீடு எழுந்தபோது முற்றமாகச் சுருங்கி, இளையமகள் ஸப்னாவுக்கு மறுவீடு எழுந்தபோது வெறுஞ் சந்தாகச் சுருங்கிவிட்டது. அந்நிலத்தின் வடக்கெல்லையில் ஒரு பங்குக் கிணறு. முன்னொரு காலத்தில் உடன்பிறந்தார் இருவர் நிலத்தைப் பிரித்தபோது கிணற்றைப் பிரிக்க மனமின்றிப் பொதுவில் விட்டுச்செல்ல, பின்வந்தோர் எல்லைமதிலை அதன் வாய்க்குக் குறுக்கே எழுப்பிவிட்டனர். ஆதலால் பாதி வாய் இவர் பக்கமும், பாதி வாய், குழாய்நீர் இன்னும் எட்டாத பின்தெருவில் வாயில் வைத்த அடுத்த வீட்டாராகிய சாயத்தொழிலர் ஜவுபரின் பக்கமும் திறந்திருந்தன. மேலே மதில் பிரித்தது. கீழே நீர் ஒன்றாகவே கிடந்தது.

மார்கழியில் றுமைஸாவின் பிள்ளைகள் இருவருக்கும் செங்கமாரி என்னும் மஞ்சட்காமாலை கண்டது. கண்ணின் வெண்மை மஞ்சளாக, சோற்றைக் கண்டாலே குமட்ட, இரு கிழமைகள் வாடிக் கிடந்து பின் தேறினர். தை பிறந்தபோது அதே நோய் ஸப்னாவைப் பற்றியது. அவளோ ஆறு திங்கள் நிறைந்த கருவைச் சுமந்தவள். கல்முனையில் மருத்துவமனைக் கட்டிலில் கிடத்தப்பட்ட அவளைப் பார்த்த மருத்துவர், ஈரல் கெட்டிருப்பதாகவும், தாயும் சேயும் கரை சேர்வரென்று இப்போது உறுதி கூற இயலாதென்றும், குடித்த நீரே நோயின் ஊற்றாக இருக்கலாமாதலால் அதைக் கண்டறியாமல் அவளை அவ்வீட்டுக்குத் திருப்பியனுப்பப் போவதில்லையென்றும் கூறினார். ஆயிஷா உம்மா மகளின் அருகை விட்டு அகலவில்லை. தந்தையோ அஞ்சினார், அஞ்சியவர் அழவில்லை, அழுவதை விட்டு, இதைச் செய்தவன் எவன் என்று தேடத் தொடங்கினார்.

தேடியவர் கண்ணிற் பட்டது மஞ்சள். ஜவுபரின் சாயக்கொட்டிலில் மூன்று கிழமைகளாக மஞ்சள் நூலே தோய்ந்துகொண்டிருந்தது. கொடியெல்லாம் மஞ்சள், வேலை செய்த ஏழு பெண்களின் விரல்களெல்லாம் மஞ்சள், முற்றத்து மூலையிற் கிடந்த கழிவுநீர்க் குழியும் மஞ்சள். மகளின் கண்ணிலும் அதே மஞ்சளைக் கண்ட தந்தைக்கு வேறு சான்று எதற்கு? ஏணியிலிருந்து இறங்கிய கையோடு பள்ளிவாசலுக்குச் சென்று, அவ்வூர் நடைமுறைகளை மேற்பார்க்கும் மரைக்காயர்மாரிடம் முறையிட்டார். ஜவுபரும் அழைக்கப்பட்டார்.

"ரெண்டு ஊட்டுக்கும் ஒரே தண்ணி, மரைக்காயர்," என்றார் மீராமுகைதீன். "இவர் மஞ்சள் சாயம் தோய்க்கத் தொடங்கின பிறகுதான் என்ட மகள்ர கண் மஞ்சளாப் போன. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"மேசன் காக்கா, அதே தண்ணியத்தான் நாங்களும் குடிக்கிறம்," என்றார் ஜவுபர், அண்ணனைக் காக்கா என்றழைக்கும் அவ்வூர் முறைப்படி. "எங்கட ஊட்டுல ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லயே."

"அதத்தான் நானும் கேக்கன். ஏன் இல்ல?"

அந்த வினாவுக்கு அங்கிருந்த எவராலும் விடை கூற முடியவில்லை. விடையில்லா இடத்தில் ஐயம் விரைந்து குடியேறிவிடும். ஜவுபர் வீட்டார் தமக்கு மட்டும் எங்கோ நல்ல நீர் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்னும் பேச்சு அன்று மாலையே தெருமுனையைத் தாண்டியது. மரைக்காயர்மார், அரசின் ஊர்நல ஆய்வாளரை அழைப்பதென்றும், குற்றம் மெய்யாயின் சாயக்கொட்டிலை நிலையாக மூடுவதென்றும் முடிவு செய்தனர். கொட்டில் மூடினால் அவ்வேழு பெண்களின் அடுப்பும் அணையும் என்பது ஒருவருக்கும் தெரியாததன்று.

ஆய்வாளராக வந்தவர் நிரோசன் என்னும் இளைஞர், திருக்கோவில் என்னும் ஊரினர், குறைத்துப் பேசுபவர், நிறைத்து எழுதுபவர். வந்ததும் அவர் செய்த முதல் வேலை, ஜவுபரின் கொட்டிலுள் ஒரு முக்காலியில் அமர்ந்து, அப்பெண்கள் தந்த தேநீரைப் பருகியது. ஏணியின்மேல் நின்று அதைக் கண்ட மீராமுகைதீனுக்கு உள்ளம் கொதித்தது. விலைபோய்விட்டான் என்று முணுமுணுத்தார். அவ்விளைஞர் அங்கே என்ன தேடினார் என்பதை அறியவேண்டுமானால், நண்பரே, நாம் சற்றுத் தொலைவு சென்று வரவேண்டும்.

ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைக் காத்திருந்த நாள்களில், அவர்தம் தாய்நாட்டில் லேவன்ஹூக் என்றொரு துணிவணிகர் வாழ்ந்தார். கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கூர்மையாக்கி, ஒரு துளி நீரை அவற்றினூடே நோக்கிய அவர், அதனுள் எண்ணிறந்த சிற்றுயிர்கள் நீந்துவதைக் கண்டார். அறிஞர் பேரவை அதை நம்பவில்லை. அவர் சினந்து கதவடைக்கவில்லை. ஊர்ப்பெரியோரை அழைத்து, உங்கள் கண்ணாலேயே பாருங்கள் என்று காட்டினார். நூற்றெண்பது ஆண்டுகள் கழிந்தபின், இலண்டன் மாநகரில் வாந்திபேதி கொத்துக்கொத்தாக மக்களை வாரியபோது, கெட்ட காற்றே அதைப் பரப்புகிறதென்று கற்றோரும் நம்பியிருக்க, ஜோன் ஸ்னோ என்னும் மருத்துவர் மட்டும் தெருத்தெருவாக நடந்து, மாண்டவர் எந்த நீரைக் குடித்தனர் என்று கேட்டுக் குறித்தார். மாளாதவரையும் அவர் கேட்காமல் விடவில்லை. கேடுற்ற நீர் தந்த தெருவோரக் கையடிக்குழாய்க்கு அருகிலேயே இருந்த மதுவாலைத் தொழிலாளர் ஏன் சாகவில்லை என்று வினவ, அவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை என்னும் விடை கிடைத்தது. இன்று நாம் குழாயைத் திருகிக் கவலையின்றிக் குடிக்கும் ஒவ்வொரு குவளைக்கும் பின்னால், இத்தகைய நச்சரிப்பு மிக்க சிலர் கேட்ட கேள்விகள் நிற்கின்றன.

நிரோசன் தேடியதும் அதையே. சாயக்கொட்டிலில் அடுப்பு ஒருபோதும் அணைவதில்லை. அதன் ஓரத்தில் ஒரு பானை நீர் எந்நேரமும் கொதித்தபடி இருக்கும். அங்கே எவருக்கு விடாய் எடுத்தாலும் குடிப்பது தேநீர், அல்லது கொதித்து ஆறிய நீர். பச்சைத்தண்ணீர் அவர்கள் வாயிற் படுவதேயில்லை. ஒரே கிணற்றுநீர் ஒரு புறத்தாரை வீழ்த்தி மறுபுறத்தாரை விட்டுவைத்ததன் மறைபொருள் அதுவாகலாம் என்று கண்ட அவர், மதிலின் இப்புறம் வந்து மீராமுகைதீனிடம் கூறினார்: "காக்கா, சாயம் ஆளுக்குச் செங்கமாரி கொண்டுவராது. இது நச்சுயிரி. நோய்க்காரர் ஒருவரிட மலத்திலயிருந்து தண்ணிக்குப் போயிருக்கு. எந்தக் குழியில இருந்து போகுது எண்டதத்தான் பாக்கவேணும்."

"தேத்தண்ணி குடிச்ச வாயால வேற என்னத்தச் சொல்லுவீங்க, தம்பி?" என்றார் அவர். "முதல்ல அவர்ர குழியப் பாருங்க."

நிரோசன் சினக்கவில்லை. பையிலிருந்து செங்கபில நிறத் தூள் நிறைந்த சிறு குப்பி ஒன்றை எடுத்துக் காட்டினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்குமுன் பேயர் என்னும் செருமானிய வேதியியல் அறிஞர் ஆக்கிய பொருள் அது. ஒரு சிட்டிகை போதும்; பெருநீரில் கரைந்தாலும் வெயில் பட்டதும் பச்சையாக ஒளிரும். தன்யூப் என்னும் பேராற்றின் நீர் ஓரிடத்தில் நிலத்துக்குள் மறைந்துபோவதைக் குறித்து ஆலைக்காரர்கள் வழக்காடியபோது, அத்தூளையே மறையுமிடத்தில் கரைத்துவிட்டனர். இரண்டரை நாள் கழித்து, தொலைவிலிருந்த வேறோர் ஊற்று பச்சையாகப் பொங்கி, வழக்கைத் தானே தீர்த்து வைத்தது. இவற்றையெல்லாம் கேட்ட மீராமுகைதீன், தூளை முகர்ந்து பார்த்தார். விரலிடையே தேய்த்துப் பார்த்தார். பின் ஒரு நிபந்தனை விதித்தார். கிணற்றின் இருபாதி வாய்களையும் இரும்புத் தகட்டால் மூடிப் பூட்ட வேண்டும். இரு திறவுகோல்களும் தம் இடுப்பிலேயே இருக்க வேண்டும். இல்லாவிடில் ஜவுபர் எதையாவது கலந்துவிடுவார்.

ஜவுபர் அதற்கும் இணங்கினார். தூள் அவர் கழிவுக்குழியில் கரைக்கப்பட்டது. ஏழு நாள்கள் அவ்வேழு பெண்களும் பள்ளிவாசற் குழாயிலிருந்து நீர் சுமந்து வந்தே நூல் அலசினர். மாலைதோறும் மரைக்காயர் ஒருவர் முன்னிலையில் மீராமுகைதீன் பூட்டைத் திறக்க, நிரோசன் ஒரு வாளி முகந்து வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்தார். ஏழு மாலையும் நீர் நீராகவே இருந்தது. தூள் போலித் தூள் என்றார் மீராமுகைதீன். பிறகு, வாங்கிய காசுக்கு ஆய்வாளன் வேலை செய்கிறான் என்றார்.

எட்டாம் நாள் நிரோசன் இப்புறத்துக் குழிகளைப் பற்றிக் கேட்டார். றுமைஸா வீட்டுக் குழி தெருவோரத்தில் இருந்தது. ஸப்னா வீட்டுக் குழியும் முன்புறத்திலேயே இருப்பதாக, ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினார் மீராமுகைதீன். வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால், கட்டும்போது முன்புறக் குழி மணப்பெண்ணின் முன்கூடத்தை இரண்டடி விழுங்குமென்று கண்டு, மாப்பிள்ளை வீட்டார் வந்து அமரும் கூடம் சிறுத்துவிடலாகாதே என்று, எவருமறியாமல் பின்புறத்தில், குளிக்கும் மறைப்பின் அடியில், கிணற்றிலிருந்து நான்கே எட்டுத் தொலைவில் அதைத் தம் கையாலேயே வெட்டி மூடியிருந்தார். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் ஐம்பதடி வேண்டுமென்பதை ஊரில் நூறு பேருக்குச் சொல்லிக் கட்டிக்கொடுத்தவர் அவர்.

"முதன்முதலா இந்த ஊட்டுல ஆருக்குக் காய்ச்சல் வந்த, காக்கா?" என்று கேட்டார் நிரோசன்.

ஸப்னாவின் கணவன் ஸஹீத், ஆடியில் விடுமுறைக்கு வந்துபோன பின், கட்டார் நாட்டிலிருந்து கார்த்திகையில் மீண்டும் வந்திறங்கியபோதே சோர்ந்து, குமட்டி, பத்து நாள் படுத்திருந்தான். பயணக் களைப்பு என்றே வீட்டில் பேசிக்கொண்டனர். மீராமுகைதீன் அதை நினைத்தார். நினைத்தும், "ஒருத்தருக்கும் இல்ல," என்றார்.

நிரோசன் தலையசைத்துவிட்டு, வரைபடத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார். குழியைத் தேடி அவர் எங்கும் போகவில்லை. நேரே ஸப்னா வீட்டுக் கழிப்பிடத்தினுள் சென்று, தூளைக் கரைத்து ஊற்றி, இரண்டு வாளி நீர் விட்டார். தாள் எதைச் சொன்னாலும் நீர் தன் வழியே போகும் அல்லவா? மீராமுகைதீன் வாயிற்படியில் நின்று பார்த்தார். தடுக்க ஒரு சொல் போதும். அச்சொல்லைச் சொன்னால் ஏன் தடுத்தாய் என்று கேட்பார்களே என்னும் அச்சத்தில் வாயை மூடிக்கொண்டார். முதல் மாலை நீர் தெளிவாக இருந்தது. நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கினாற்போல் இருந்தது அவருக்கு.

மறுநாள் விடியலில், தொழுகை முடித்துத் திரும்பியவர், ஒருவரும் விழித்தெழுமுன் தாமே பூட்டைத் திறந்து வாளியை இறக்கினார். முகந்ததை மதில்மேல் வைத்து, கடலின்மேல் எழுந்த முதற்கதிர் அதிற்படும்வரை காத்திருந்தார். நீர் பச்சையாக எரிந்தது. நெல் நாற்றங்காலின் பச்சை. கண்ணைக் கசக்கிவிட்டு மீண்டும் முகந்தார். இரண்டாம் வாளியும் பச்சை. இரு திறவுகோல்களும் அவர் இடுப்பில் இருந்தன. ஜவுபர் கலந்தார் என்றோ, ஆய்வாளர் கலந்தார் என்றோ சொல்ல உலகத்தில் ஓர் ஆள்கூட மிச்சமில்லாதபடி எல்லா வழிகளையும் அவரே அடைத்து வைத்திருந்தார்.

வெள்ளம் வந்த ஆண்டில் கிணறு தூய்மையாக்கத் தந்த வெளுப்புத்தூள் ஒரு பொதி அடுக்களைப் பரணில் கிடந்தது. அத்தூள் நிறத்தைத் தின்றுவிடும் என்பது சாயந்தோய்க்கும் ஊரிற் பிறந்த சிறுபிள்ளைக்கும் தெரியும். அவர் அதை எடுத்துவந்து அவிழ்த்தார். ஒரு பொதி போட்டால், நிரோசன் மாலையில் வரும்போது நீர் நீராகவே இருக்கும். எவரும் எதையும் அறியார். மேசனின் பெயர் கெடாது. ஜவுபர்மேல் விழுந்த ஐயம் விழுந்தபடியே கிடக்கும்.

பொதி கையில் இருக்க, அவருக்குப் பிறவாத குழந்தையின் நினைவு வந்தது. பிழைத்து ஸப்னா பெற்றெடுத்தால், நாற்பதாம் நாள் இவ்வீட்டில்தான் தலைக்கு நீரூற்றுவார்கள். இக்கிணற்றில்தான் முகப்பார்கள். ஊற்றும்போது அந்தச் சிறுவாய்க்குள் ஒரு சொட்டுப் போகாமலா இருக்கும்? அவர் வாழ்நாளெல்லாம் பிறரை நோக்கித் திருப்பிய கண் அன்று முதன்முறையாக உள்நோக்கித் திரும்பியது. இந்தக் குழியை வெட்டியவன் ஜவுபராக இருந்திருந்தால், நான் அவனை என்ன சொல்லியிருப்பேன்? சொல்லியிருக்கக் கூடியவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, அவர் மணலில் அமர்ந்துவிட்டார். மகளைக் கொல்லப் பார்த்தவனைத் தேடி ஒரு திங்களாக அலைந்தவர், அவன் கையைத் தம் மடியிலேயே கண்டு, வாய்விட்டு அழுதார். பிறகு பொதியைக் கட்டி வைத்துவிட்டு, ஒரு தூக்குப் போத்தலை எடுத்துக்கொண்டு, தெருவைச் சுற்றி ஜவுபரின் வாயிலுக்குச் சென்றார்.

கொட்டிலில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த பெண்கள் அவரைக் கண்டதும் கைவேலையை நிறுத்தினர். ஜவுபர் எழுந்து வந்தார். ஆனால் வாயிலைத் தாண்டவில்லை.

"ஜவுபர், கிணறு பச்சையாப் போச்சு," என்றார் மீராமுகைதீன். "குழி என்ட. என்ட கையால வெட்டினது. நாலே எட்டு."

"இது என்ன புதுக் கத, காக்கா? நான் இப்ப வந்து எட்டிப் பாத்தா, நான்தான் ஊத்தின எண்டு சொல்லவா?"

"அல்லாஹ் மேல ஆணை. பொய் இல்ல."

"மரைக்காயர்மாரும் அந்தத் தம்பியும் வரட்டும். அவங்களோட வாறன். தனிய வரமாட்டன்."

மெய்யைச் சொல்லியும் நம்பப்படாத நிலை எப்படியிருக்கும் என்பதை மீராமுகைதீன் அறுபத்திரண்டாம் வயதில் அறிந்துகொண்டார். தலையைக் குனிந்தபடி, கையிலிருந்த தூக்குப் போத்தலை நீட்டினார். "சரி. எல்லாரும் வரட்டும், எல்லார் முன்னாலயும் சொல்லுவன். இப்ப நான் ஆசுபத்திரிக்குப் போகணும். ஸப்னாக்குக் குடிக்க எங்கட ஊட்டுல நல்ல தண்ணி இல்ல. உங்கட பானையில கொதிச்ச தண்ணி கொஞ்சம் தாங்க."

ஜவுபர் போத்தலை வாங்கிச் சென்று, கழுவி, பானையிலிருந்து ஆறிய நீரை நிறைத்தார். கொண்டுவந்தவர் அதை உடனே கொடுத்துவிடவில்லை. குவளை ஒன்றில் சிறிது ஊற்றி, மீராமுகைதீனின் கண்முன்னே தாம் முதலில் ஒரு வாய் குடித்தார், விழுங்கினார், வாயைத் திறந்தும் காட்டினார். அதன்பின்னரே போத்தலை நீட்டினார். அப்படிச் செய்யுமாறு மீராமுகைதீன் கேட்கவில்லை. ஆனால் அவ்வாறு செய்ய வைத்தவர் அவரே.

அன்று மாலை மரைக்காயர்மார் முன்னிலையில் யாவும் வெளிப்பட்டன. குழி தூர்க்கப்பட்டது, முன்புறப் புதுக்குழிக்காக மணப்பெண்ணின் முன்கூடம் இரண்டடி இடிக்கப்பட்டது, அவ்வீட்டுக்கும் குழாய்நீர் வந்தது. சித்திரையில் ஸப்னா ஒரு பெண்மகவை ஈன்றாள், இருவரும் நலம். உலகைத் திருத்திய அறிஞரும் ஐயமுடையோரே, நண்பரே. கண்ணால் கண்டதையும் ஊரார் சொன்னதையும் நம்ப மறுத்தவரே. எனினும் அவர்கள் முதலில் ஐயுற்றது தம் கண்ணை, தம் கணக்கை, தம் கையை. அயலானிடம் தொடங்கி அயலானிடமே முடியும் ஐயத்தால் எவருக்கும் ஒரு குவளை நல்ல நீர் கிடைத்ததில்லை. கிணற்றில் கலந்த பச்சை சில நாள்களில் தானே கரைந்துபோயிற்று. ஜவுபரோ, இன்றுவரை மதிலுக்கு மேலாக அவ்வீட்டுக்குக் கஞ்சியோ கறியோ எதைக் கொடுத்தாலும், தாம் முதலில் ஒரு வாய் உண்டு காட்டிவிட்டே கொடுக்கிறார். மீராமுகைதீனும் இரு கையாலும் வாங்கிக்கொள்கிறார்.